தாசு கத்தினால் எல்லாரும் விலகணும்

பிப்ரவரி 3, திங்கள்

வாகீசன் சார் எழுதச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆடின நாளில் என்ன செய்தேன், ஆடாத நாளில் என்ன செய்தேன், என்ன சாப்பிட்டேன், எப்படித் தூங்கினேன், எல்லாம். "எனக்குக் காட்ட வேணாம். உனக்கே எழுதிக்கோ. பெரிய டீமுக்குப் போனா இதெல்லாம் பழகியிருக்கணும்" என்றார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் கையெழுத்தைத் தவிர வேறு எதையும் எழுதியதில்லை. சரி, பெரிய டீம் என்று சொல்லிவிட்டார், எழுதித் தொலைப்போம்.

வாகீசன் சார் சென்னைக்காரர். மாநில இருபது ஓவர் லீக்கில் ஆடுகிற ஓர் அணிக்கு ஆள் தேடிக் கொடுப்பது அவர் வேலை. ஊர் ஊராகப் போய் மைதானத்து ஓரத்தில் குடையை விரித்து உட்கார்ந்து, யார் தேறுவான், யார் தேற மாட்டான் என்று பார்ப்பார். நேற்று எங்கள் மில் அணி ஆடியபோது வந்திருந்தார். நான் பேட்டிங்கில் ஒன்றும் கிழிக்கவில்லை. பந்து போடுவது எனக்கு வராது. பவுண்டரி ஓரத்தில் நின்று பிடிப்பதும் எறிவதும்தான் என் பிழைப்பு. ஆனாலும் ஆட்டம் முடிந்ததும் என்னைத்தான் கூப்பிட்டார்.

"ஃபீல்டிங்குக்காக மட்டும் ஒருத்தன எடுப்பாங்களான்னு கேப்பாங்க. நான் எடுப்பேன். வயசு என்ன?"

"இருபத்தேழு சார்."

"லேட்டுதான். ஆனா காலுக்கு இருபதுதான் ஆகுது. இந்த மாசம் பூரா உன்னைப் பாக்கப்போறேன். மார்ச் ஒண்ணாம் தேதி சாயங்காலம் ஃப்ளட்லைட் போட்டு ட்ரையல் மேட்ச். அதுல பாத்துட்டு முடிவு சொல்றேன்."

ஃப்ளட்லைட் என்றதும் மைதானத்தில் எத்தனை விளக்குக் கம்பம் என்று எண்ணத் தொடங்கிவிட்டேன். சந்தோஷத்தில்தான் இருக்கும்.

பிப்ரவரி 5, புதன்

மில்லில் மதிய ஷிப்ட்டை மாற்றி காலை ஷிப்ட் கேட்டு வாங்கினேன். பயிற்சிக்கு வசதி என்று சொன்னேன். சூப்பர்வைசர் நல்ல மனுஷன், கேள்வி கேட்கவில்லை.

ஆனாலும் இன்றைக்குப் பேச்சில் நேரம் போய்விட்டது. இருட்டத் தொடங்கின பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினேன். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே வந்தேன். வாசலில் சக்தி நின்றிருந்தாள். சக்தி என் மனைவி, முழுப்பெயர் பிரம்மசக்தி. என் தாய்மாமன் மகள். கல்யாணமான இத்தனை நாளில் என்னை ஒரு வார்த்தை கடுமையாகச் சொன்னதில்லை. பார்வையிலேயே சொல்லிவிடுவாள்.

"இன்னைக்கும் வண்டியத் தள்ளிக்கிட்டுதான் வந்தியளா அத்தான்?"

"பெட்ரோல் இல்ல."

அவள் வண்டியின் மூடியைத் திறந்து பார்த்தாள். பிறகு மூடிவிட்டு உள்ளே போய்விட்டாள். வண்டி ஓட்டுவதைவிடத் தள்ளுவது காலுக்கு நல்ல பயிற்சி. நாளை அதைச் சொல்லிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்றைக்கு நான்தான் ராஜா. நல்ல வெயில், மேகம் இல்லை. டீப் மிட்விக்கெட்டில் ஓடிப் போய்ப் பிடித்தது ஒன்று, பவுண்டரிக் கயிற்றுக்கு மேலே எம்பிப் பிடித்தது இன்னொன்று. எறிந்த பந்து கீப்பர் கையில் நேராகப் போய் விழுந்தது. வாகீசன் சார் குடையை மடக்கி வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"எல்லாரும் பந்து வர்றதப் பாத்துட்டுத்தான் ஓடுவாங்க. நீ அப்படி இல்ல. அடிக்கறவன் தோள் திரும்பறப்பவே ஓட ஆரம்பிச்சுடற. பேட்ல பட்ட சத்தத்த வெச்சே எவ்வளவு தூரம் வரும்னு உனக்குத் தெரியுது. இதச் சொல்லிக்குடுக்க முடியாதுப்பா, பிறவியிலயே வரணும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். முன்பெல்லாம் நானும் பந்தைப் பார்த்துதான் ஓடினேன். கொஞ்ச காலமாகத்தான் இப்படி.

"அப்புறம் உன் குரல். பந்து மேல ஏறின உடனே கத்திடற பாரு, தயக்கமே இல்ல."

எங்கள் அணியில் இது ஒரு சட்டம் மாதிரி. ஒரு பந்து உயரப் போய் இரண்டு பேருக்கு நடுவில் இறங்கினால், பிடிக்கப் போகிறவன் "எனக்கு!" என்று கத்த வேண்டும், மற்றவன் ஒதுங்க வேண்டும். கத்தாமல் ஓடினால் மண்டை மண்டையோடு மோதும். எங்களிடம் அதற்கு மேல் இன்னொரு சட்டமும் உண்டு. தாசு கத்தினால் எல்லாரும் விலகணும். தாசு கத்தாவிட்டால், கத்துகிறானா என்று பார்த்துவிட்டுத்தான் போகணும். கேப்டன் போட்டது. இசக்கிதாஸ் என்கிற எனக்கு ஊர் கொடுத்த மரியாதை அது.

பக்கத்தில் யார் நிற்கிறான், யார் ஓடி வருகிறான் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? கத்திவிட்டால் தொல்லை இல்லை.

பிப்ரவரி 12, புதன்

முருங்கைக்கீரை பொரியல் கேட்டேன். நேற்றும் அதுதான், முந்தாநாளும் அதுதான்.

"கீரையக் கண்டாலே தட்ட நகத்துற ஆளு நீங்க. என்னாச்சு?" என்றாள் சக்தி.

"வாகீசன் சார் சாப்பிடச் சொன்னாரு."

காரட்டும் சொன்னாரா என்று கேட்டாள். சொன்னார் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். ஏதோ யோசனை. கொஞ்ச நேரம் கழித்து டம்ளர் தரையில் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. திரும்பினால் சக்தி என் தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாள், காப்பியை எவ்வளவு நேரமாக நீட்டிக்கொண்டிருந்தாள் என்று தெரியவில்லை.

"கூப்பிடலாம்லா?" என்றேன்.

"பாக்கியளான்னு பாத்தேன்" என்றாள்.

பிப்ரவரி 13, வியாழன்

மில் வாசல் கடையில் ஆட்டு ஈரல். எனக்கு அந்த வாடையே ஆகாது. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஆட்டம் தாமதமாகத் தொடங்கி இழுத்துக்கொண்டே போயிற்று. வெயில் இறங்கினதும் அம்பயரிடம் போய் வெளிச்சம் போதாது என்றேன். அவர் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தானல இருக்கு, போய் நில்லு" என்றார்.

கடைசியில் ஒரு பந்து மேலே ஏறியது. சத்தம் கேட்டது. "எனக்கு!" என்று கத்தினேன். எனக்குப் பக்கத்து இடமான லாங் ஆனில் நின்ற ஆன்டோ ரூபன் அப்படியே பிரேக் போட்டு நின்றுவிட்டான். நான் கையைக் குவித்துக்கொண்டு நின்றேன். பந்து எனக்குப் பின்னால் பொத்தென்று விழுந்தது.

எல்லாரும் சிரித்தார்கள். "தாசுக்கு சாமி வந்துட்டு, கண்ண மூடிட்டு நிக்கான்" என்றான் கீப்பர். நானும் சேர்ந்து சிரித்தேன். சூரியன் கண்ணில் அடித்தது என்று சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைத்துப் பார்த்தேன், சூரியன் என் முதுகுப் பக்கம் இருந்தது. யாரும் கவனிக்கவில்லை. நல்லவேளை, வாகீசன் சார் இன்றைக்கு நாகர்கோவிலில் வேறு யாரையோ பார்க்கப் போயிருந்தார்.

எழுத்து கோணல் மாணலாக வருகிறது.

பிப்ரவரி 19, புதன்

ஆன்டோ வீட்டுக்கு வந்தான். நானும் அவனும் டவுசர் போட்ட காலத்திலிருந்து ஒரே அணி. அவனையும் மார்ச் ஒன்றாம் தேதி ட்ரையலில் ஆடச் சொல்லியிருக்கிறார்கள். அவன் பந்து போடுபவன், போடாத நேரத்தில் லாங் ஆனில் நிற்பான்.

"எனக்கெல்லாம் கெடைக்காது மாப்ள. சும்மா ஆள் கணக்குக்குக் கூப்பிட்டிருக்காவ. நீ போயிருவ. டிவில உன்னயக் காட்டும்போது நான் இங்க இருந்து கத்துவேன் பாரு" என்றான்.

"நீயும் வருவல."

"வந்தாலும் வராட்டாலும், அன்னைக்கு நீ ஒரு சத்தம் குடு. நான் திரும்பியே பாக்க மாட்டேன், அப்படியே ஒதுங்கிருவேன்."

அவன் போன பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த அளவுக்கு ஒருவனை நம்பக் கூடாது.

பிப்ரவரி 23, ஞாயிறு

எழுத மனமில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

ட்ரையலுக்கு முன்னால் விளக்கு பழகட்டும் என்று சாயங்காலம் ஃப்ளட்லைட்டைப் போட்டு வைத்தார்கள். வாகீசன் சார் இருந்தார். தரையில் உருண்டு வந்த பந்துகளைச் சமாளித்துவிட்டேன். பச்சைப் புல்லில் வெள்ளைப் பந்து, அத்தனை விளக்குகள், அதுவரை பாதகமில்லை. அதற்கு மேல் போனால் கறுப்பு. வானம் என்று ஒன்று அங்கே இருந்ததாகவே எனக்குத் தெரியவில்லை.

சத்தம் கேட்டது. ஓடினேன். பந்து எங்கே என்று தேடிக்கொண்டே ஓடினதில் கத்த மறந்துவிட்டேன். நினைவு வந்து "எனக்கு!" என்று கத்தினபோது ஆன்டோ எனக்கு மிக அருகில் வந்துவிட்டிருக்கிறான். அவனை நான் பார்க்கவே இல்லை. என் முழங்கை அவன் முகத்தில் இறங்கியது.

புருவத்துக்கு மேலே கிழிந்து ரத்தம் கொட்டியது. கண்ணுக்கு ஒன்றுமில்லை, மயிரிழையில் தப்பியது என்று தையல் போட்ட டாக்டர் சொன்னார். நான் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

ஆன்டோ வெளியே வந்து என்ன சொன்னான் தெரியுமா?

"தப்பு என்மேலதான் மாப்ள. நீ கத்துன. நான் விலகல."

அதைவிட மோசம், வாகீசன் சார் அவனைத் திட்டினார். "அவன் கத்தினா விலகணும்னு உங்களுக்குள்ள பேச்சு இருக்குல்ல? அவ்வளவு வேகமா வர்றவன் குறுக்க ஏன் போற?" என்றார். என் தோளில் தட்டி, "பயந்துடாத. இந்த வெறிதான் உன்ன மேல கொண்டுபோகும்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். திறந்தால் எல்லாம் முடிந்தது என்று பயம். எனக்கு வேறு என்ன தெரியும்? பவுண்டரியில் நிற்பது மட்டும்தான் தெரியும்.

பிப்ரவரி 26, புதன்

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது சக்தி பேச்சைத் தொடங்கினாள்.

"எங்க அப்பாவப் பத்தி ஊர்ல என்ன சொல்லுவாவ தெரியுமா அத்தான்? பொழுது அடையுறதுக்குள்ள வீட்டுக்கு வந்திருவாரு, சீட்டாட்டம் கெடையாது, குடி கெடையாது, அப்படி ஒரு ஒழுக்கமான மனுசன்னு."

"தெரியும். மாமா தங்கமான ஆளு."

"ஒழுக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவருக்கு இருட்டுனா கண்ணு தெரியாது. அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அம்மாதான் அவரக் கொல்லைக்குக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவா. சாகுறவரைக்கும் வெளிய சொல்லல. கடைசில பகல்லயும் நேரா இருக்கது மட்டும்தான் தெரிஞ்சுது அவருக்கு, பக்கத்துல இருக்கது தெரியல."

நான் கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

"அவரு உங்க அம்மாகூடப் பொறந்தவரு" என்றாள்.

தெரியாதா எனக்கு? இருந்தாலும் அதை அவள் வாயால் கேட்பது வேறு.

"பெரிய கண்ணாஸ்பத்திரிக்குப் போவம் அத்தான். அந்தச் சார்ட்டயும் சொல்லிருங்க."

"ஒண்ணாந்தேதி கழியட்டும்."

"ஆன்டோ அண்ணனுக்கு ஒரு கண்ணு போயிருந்தா?"

எழுந்து போனபோது நிலைப்படியில் தோள் இடித்தது. என் வீட்டு நிலைப்படி. அவள் அதையும் பார்த்தாள்.

பிப்ரவரி 28, வெள்ளி

ஆட்டத்தில் தோற்பதற்கு எனக்கு ஒருநாளும் பயம் இருந்ததில்லை. இது வேறு பயம். நாளைக்கு மழை பெய்யட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பிப்ரவரியில் எந்த ஊரில் மழை பெய்யும்?

மார்ச் 2, ஞாயிறு

நேற்று நடந்ததைக் காலையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சக்தி பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். இன்றைக்கு நான் கேட்கவில்லை, அவளாகத்தான் வாங்கியிருக்கிறாள்.

ட்ரையலுக்கு சக்தியும் வந்தாள். வராதே என்றேன், கேட்கவில்லை. மைதானத்து கேட்டுக்கு வெளியே நிற்கிறேன் என்றாள். எங்கள் அணிதான் முதலில் பேட்டிங். எனக்கு இறங்க வாய்ப்பே வரவில்லை. நாங்கள் ஃபீல்டிங்குக்கு இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது.

டீப் மிட்விக்கெட்டில் நான், லாங் ஆனில் ஆன்டோ. அவன் புருவத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தான். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினானாம். பிறகு சொன்னான். எனக்குத் தெரியவில்லை.

முதல் சில ஓவர்கள் எப்படியோ ஓடின. உருண்டு வந்த ஒன்றைப் பாய்ந்து தடுத்தேன். கூட்டம் கைதட்டியது. கைதட்டல் கேட்டதும் புத்தி பேதலித்தது, பார்த்தாயா, ஒன்றுமில்லை, தப்பித்துவிடலாம் என்று தோன்றியது. வாகீசன் சார் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்து ஒருமுறை சிரிக்கக்கூடச் செய்தேன்.

அப்புறம் அந்தச் சத்தம். மட்டையின் நடுவில் படாமல் விளிம்பில் பட்ட சத்தம். ரொம்ப உயரம், ரொம்பத் தூரம் இல்லை. எனக்கும் ஆன்டோவுக்கும் நடுவில் இறங்கும். அது வரைக்கும் எனக்குத் தெரிந்தது. மேலே பார்த்தேன். கறுப்பு.

ஆன்டோவின் ஷூ புல்லில் உரசி வருவது காதில் கேட்டது. என் சத்தத்துக்காகத்தான் ஓடி வருகிறான். கத்தினால் விலகிவிடுவான், பந்து என் தலையிலேயோ தரையிலேயோ விழும். கத்தாவிட்டால், கத்துவேனா கத்துவேனா என்று என்னையே பார்த்துக்கொண்டு வந்து மறுபடியும் என்மேல் மோதுவான். இந்தத் தடவை தையலோடு போகாது. உடம்பு முழுவதும் பயம் ஏறிவிட்டது. என் உயிருக்குப் பயந்ததுகூட அப்படி இருந்ததில்லை.

"ஆன்டோ! உனக்குல! உனக்கு! நான் வரல!" என்று கத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

எனக்குப் பக்கத்தில் எங்கேயோ ஆன்டோவின் கையில் பந்து அடைபடுகிற சத்தம் கேட்டது. கூட்டம் ஆர்ப்பரித்தது. ஆன்டோ என்னிடம் ஓடிவந்து, "என்னல, என்னாச்சு, அடி பட்டுட்டா?" என்று உலுக்கினான். ஒன்றுமில்லை என்றேன். அதற்குப் பிறகு அவன் என்னிடமிருந்து விலகவே இல்லை, கேப்டன் திட்டியும் எனக்குப் பக்கத்திலேயே வந்து வந்து நின்றான்.

ஆட்டம் முடிந்ததும் வாகீசன் சார் என்னைப் படிக்கட்டு ஓரத்துக்குக் கூட்டிப்போனார். முகத்தில் கோபம் இருந்ததா என்று தெரியவில்லை. குரலில் இல்லை.

"அது உன் கேட்ச். எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். போன வாரம் அவனுக்கு அடிபட்டுச்சுன்னு விட்டுக்குடுத்துட்ட. ஃப்ரெண்டுக்காக இப்படிச் செய்யறவன நான் பாத்ததில்ல. ஆனா ட்ரையல்ல செய்யற காரியமா இது? சரி, அடுத்த வாரம் மதுரைல இன்னொரு ட்ரையல் இருக்கு. நான் சொல்லி உன்னச் சேத்துக்கறேன்."

கையில் கொண்டுவந்து கொடுக்கிறார். நான் சரி சார் என்று சொன்னால் போதும். பொய் சொல்லக் கூடாது, ஒரு கணம் சொல்லவும் வாயெடுத்தேன்.

"சார், எனக்குப் பந்து தெரியல."

"எந்தப் பந்து?"

"எந்தப் பந்தும் சார். இருட்டுனா தெரியல. பக்கத்துல நிக்க ஆளும் தெரியல. பகல்லயும் நேரா பாத்தாத்தான். அதான் தோளப் பாக்கேன், சத்தத்தக் கேக்கேன், முன்னாடியே கத்துதேன். நீங்க பிறவிலயே வரணும்னு சொன்னிய. அது பிறவில வந்ததுதான் சார். என் மாமனுக்கும் இருந்துச்சு."

அவர் தன் நோட்டில் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"நான் வயசுன்னு எழுதிக்கறேன்" என்றார். "இருபத்தேழு, லேட், அவ்வளவுதான். கண்ணப் பத்தி எழுதினா எல்லா டீமுக்கும் போயிடும். உங்க மில்லுக்கும் தெரிஞ்சுடும். ஆட்டத்துக்காகத்தானே அங்க வேலை போட்டுக் குடுத்தாங்க? எதுக்குப்பா?"

நல்ல மனுஷன். அவர் சொன்னபடி விட்டிருந்தால் நான் இன்றைக்கும் மில் அணியின் தாசுதான். ஆனால் என்னை எனக்குத் தெரியும். ஈரலும் கீரையும் தின்றுகொண்டு, இந்த வாரம் கொஞ்சம் தேவலை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

"வேண்டாம் சார். கண்ணுன்னே எழுதிருங்க. எழுதாட்டா, அடுத்த வருசம் வேற ஒருத்தர் வந்து கூப்பிடுவாரு. நான் போயிருவேன் சார். சத்தியமா போயிருவேன். போய் அங்கயும் கத்துவேன், அங்கயும் எல்லாரும் விலகுவாங்க."

அவர் எழுதினார். பேனா நகர்கிற சத்தம் நிற்கும்வரை நான் அழுதுகொண்டிருந்தேன். மில்லில் என்ன சொல்வார்கள், சக்தியை என்ன கதிக்கு ஆளாக்கப் போகிறேன், பகலும் எப்போது போகும், எல்லாம் ஒரே நேரத்தில் மனதில் வந்தது. அந்த நேரம் பார்த்து ஃப்ளட்லைட்டை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டார்கள்.

அவர் எழுந்து நின்றது தெரிந்தது. போகப் போகிறார். நானும் எழுந்தேன். எந்தப் பக்கம் கால் வைப்பது என்று தெரியவில்லை. எத்தனையோ நாள் இப்படி நின்று, எல்லாரும் போகட்டும் என்று ஷூ லேஸைக் கட்டுவதுபோல உட்கார்ந்திருக்கிறேன்.

"சார், கேட்ல என் பொண்டாட்டி நிக்கா. அதுவரைக்கும் கொஞ்சம் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போங்க" என்றேன்.